கடினம் காணாத கெட்டிக்காரர்கள்

பத்தாம் வகுப்புவரை முதல் ரேங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பிள்ளை, பதினோராம் வகுப்பின் முதல் தேர்வில் இயற்பியலில் ஐம்பதுக்குக் கீழே வாங்கிவிட்டால் வீடு என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரியும். அம்மா காரணம் தேடுவார். அப்பா டியூஷன் தேடுவார். பிள்ளை மட்டும் வேறொரு முடிவுக்கு வந்திருக்கும்: 'நான் கெட்டிக்காரன் இல்லை போலிருக்கு, இத்தனை நாள் எப்படியோ தப்பிச்சு வந்திருக்கேன்.' பாடம் கடினமானது என்றோ, படிக்கும் முறையை மாற்றிப் பார்க்கலாம் என்றோ அதற்குத் தோன்றாது. மெல்லக் கற்கும் மாணவர் அன்றாடம் சந்திக்கும் தடுமாற்றம், மீத்திறன் மாணவருக்குப் பதினாறு வயதில்தான் முதன்முறையாக வருகிறது. அதைத் தாங்கிப் பழக்கமில்லை.

இந்த இடத்தில் கைகொடுக்கும் என்று சொல்லப்படுவது வளர்ச்சி மனப்பான்மை. அறிவுத்திறன் பிறக்கும்போதே அளந்து கொடுக்கப்பட்டது, அதை மாற்ற முடியாது என்று நம்புவது நிலைத்த மனப்பான்மை. முயற்சியாலும் நல்ல உத்தியாலும் பிறர் உதவியாலும் அது வளரும் என்று நம்புவது வளர்ச்சி மனப்பான்மை. ஆசிரியர் பயிற்சி வகுப்புகள் முதல் பள்ளிச் சுவர் வாசகங்கள்வரை இந்தக் கருத்து பரவிவிட்டது. ஆனால் பெரும்பாலும் பின்தங்கிய மாணவரைத் தூக்கிவிடும் மருந்தாகவே அது பேசப்படுகிறது. முன்வரிசை மாணவருக்கு இது தேவையா, தேவையென்றால் எப்படித் தருவது, ஆய்வுகள் எதுவரை துணை நிற்கின்றன என்பதை இங்கே தொகுத்துப் பார்க்கலாம்.

அளவுகோலின் கதை

பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதற்காக 1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடோர் சிமோனும் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். நுண்ணறிவுச் சோதனைகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. ஒருவரின் அறிவு இவ்வளவுதான், அதற்குமேல் கூடாது என்ற பேச்சைப் பினே வெளிப்படையாகவே எதிர்த்தார். கவனம், நினைவாற்றல், முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்பது அவர் கருத்து.

அந்தச் சோதனை அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் நோக்கம் தலைகீழானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தியமைத்து, 1921இல் தொடங்கிய ஆய்வுக்காகக் கலிஃபோர்னியாவில் 1,500க்கு மேற்பட்ட மீத்திறன் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். அறிவு பெரும்பாலும் மரபுவழி வருவது என்ற நம்பிக்கை அவருக்கு. அந்தக் குழந்தைகளை ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தது ஆய்வு. பலர் நல்ல வேலைகளில் அமர்ந்தார்கள். ஆனால் ஒருவரும் நோபல் பரிசு பெறவில்லை. சோதனைக்கு வந்து, மதிப்பெண் போதவில்லை என்று விடப்பட்ட இரண்டு சிறுவர்கள் பின்னாளில் இயற்பியல் நோபல் பெற்றார்கள்: 1956இல் வில்லியம் ஷாக்லி, 1968இல் லூயிஸ் ஆல்வாரெஸ்.

அதன் பிறகு வந்தவர்கள் மீத்திறனை ஒற்றை எண்ணுக்குள் அடைப்பதை ஏற்கவில்லை. 1978இல் ஜோசஃப் ரென்சுலி, சராசரிக்கு மேற்பட்ட திறன், எடுத்த வேலையை விடாத ஈடுபாடு, படைப்பாற்றல் ஆகிய மூன்றும் சேரும் இடமே மீத்திறன் என்றார். கனடாவின் ஃபிரான்சுவா கான்யே, இயல்பாக அமைந்த ஆற்றல் வேறு, பயிற்சியால் கனிந்த திறமை வேறு என்று பிரித்துக்காட்டினார். பெஞ்சமின் புளூம் 1985இல் வெளியிட்ட ஆய்வு, இசை, கணிதம், நீச்சல் போன்ற துறைகளில் உச்சம் தொட்ட 120 பேரின் வளர்ச்சியை அலசியது. நீண்டகாலப் பயிற்சியும் நல்ல ஆசிரியர்களும் குடும்பத்தின் துணையும் இல்லாமல் அவர்களில் யாரும் அங்கே போய்ச் சேரவில்லை என்பது அதன் முடிவு. வளர்ச்சி மனப்பான்மை என்ற பெயர் பிரபலமாகும் முன்பே அதற்கான களம் தயாராகிவிட்டது.

ஒரு பாராட்டு செய்த வேலை

இந்தத் துறையின் மையப் பெயர் கேரல் டுவெக். அவரும் கிளாடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. மீத்திறன் மாணவர் பற்றிய நம் கேள்விக்கு மிக அருகில் வரும் சோதனை அதுதான்.

ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வடிவப் புதிர்கள் தரப்பட்டன. சிரமமில்லாத புதிர்கள், எல்லோரும் நன்றாகச் செய்தார்கள். அதன்பின் ஒரு குழுவினரிடம் 'நீ ரொம்பக் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்' என்றும், இன்னொரு குழுவினரிடம் 'நீ ரொம்ப உழைத்திருக்க வேண்டும்' என்றும் பாராட்டினார்கள். மூன்றாவது குழுவுக்கு நன்றாகச் செய்தாய் என்பதோடு சரி. வித்தியாசம் ஒரே ஒரு வாக்கியம்.

அடுத்து எந்த மாதிரி வேலை வேண்டும் என்று கேட்டபோது, உழைப்பைப் பாராட்டப்பட்டவர்களில் 92 சதவீதம் பேர் புதிதாகக் கற்கக்கூடியதையே கேட்டார்கள். கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்களில் 67 சதவீதம் பேர் தங்கள் பெயரைக் காப்பாற்றக்கூடியதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு எல்லோருக்கும் கடினமான புதிர்கள் தரப்பட்டன, எல்லோரும் சறுக்கினார்கள். மூன்றாவது சுற்றில் மீண்டும் பழைய அளவுப் புதிர்கள். அதில் கெட்டிக்காரக் குழுவின் மதிப்பெண் தொடக்கத்தைவிடக் குறைந்தது. உழைப்புக் குழுவினுடையது கூடியது. இன்னும் கவலைக்குரிய முடிவு ஒன்று உண்டு. பெயர் போடாமல் வேறு பள்ளி மாணவருக்கு மதிப்பெண்ணை எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, கெட்டிக்காரக் குழுவில் 38 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். உழைப்புக் குழுவில் அப்படிச் செய்தவர்கள் 13 சதவீதம்.

அந்தக் குழந்தைகள் ஒரு வாக்கியத்தை ஒரு தடவை கேட்டவர்கள். நம் வகுப்புகளில் முதல் பெஞ்சில் அமர்பவர் அதே வாக்கியத்தை ஆசிரியர், உறவினர், பக்கத்து வீட்டார் என்று பத்து வருடம் தினமும் கேட்கிறார்.

முன்வரிசையின் தனிச் சிக்கல்

மீத்திறன் மாணவர்கள் எல்லோரும் நிலைத்த மனப்பான்மையில் சிக்கியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மேத்யூ மேக்கல் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் வேறொன்று தெரிந்தது. அறிவு வளரக்கூடியது என்று ஒப்புக்கொண்ட மாணவர்களில் ஒரு பகுதியினர், மீத்திறன் மட்டும் மாறாதது என்று நம்பினார்கள். இதற்கு நேர்மாறாக நம்பியவர்கள் அநேகமாக இல்லை. ஊருக்கெல்லாம் பொருந்தும் விதி தமக்கு வந்த பட்டத்துக்குப் பொருந்தாது என்பது அவர்கள் எண்ணம். கிடைத்த பட்டம் பறிபோகக்கூடியதாகவும் தோன்றினால், அதைச் சோதனைக்கு உள்ளாக்கும் எந்த வேலையும் ஆபத்தாகிவிடுகிறது. தெரியாத கணக்கைத் தொடாமல் விடுவது, கை தூக்காமல் இருப்பது, 'நான் படிக்கவே இல்லை' என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது எல்லாம் அந்தப் பயத்தின் முகங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் சீக்கிரம் தொடங்குகிறது. லின் பியான் குழுவினரின் 2017 ஆய்வில், ஐந்து வயதில் சிறுமிகளும் சிறுவர்களும் ஒரே அளவில் தங்கள் பாலினத்தை அதிபுத்திசாலித்தனத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். ஆறு வயதிலேயே சிறுமிகளிடம் அது குறைந்துவிட்டது. 'ரொம்ப ரொம்பப் புத்திசாலிகளுக்கான' விளையாட்டு என்று சொன்னால் அவர்கள் ஒதுங்கத் தொடங்கினார்கள்.

மற்றொன்று இடமாற்றம். திறமையானவர்கள் மட்டும் சேரும் பள்ளிக்குப் போகும் மாணவரின் தன்மதிப்பு, சாதாரணப் பள்ளியில் அதே திறனுடன் படிப்பவரைவிடக் குறைகிறது என்பதை ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து பல நாடுகளில் காட்டியிருக்கிறார். ஊரில் முதலாவதாக இருந்தவர் அங்கே நாற்பதாவது ஆகிறார். திறன் அப்படியேதான் இருக்கிறது. அளந்து பார்க்கும் ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். இதை முன்கூட்டியே யாராவது விளக்கிச் சொன்னால் பாதி சுமை இறங்கிவிடும்.

மறுப்புகளும் எல்லைகளும்

இவ்வளவு தூரம் கேட்டபின், ஒரு மணி நேரம் வகுப்பெடுத்து மனப்பான்மையை மாற்றிவிட்டால் போயிற்று என்று தோன்றலாம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

விக்டோரியா சிஸ்க் குழுவினர் 2018இல் 273 ஆய்வு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனப்பான்மைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவு பலவீனமாகவே தெரிந்தது. மனப்பான்மையை மாற்றும் பயிற்சிகளால் வந்த பலனும் சிறியது. இருந்த பலனும் வறுமையிலும் பின்தங்கிய நிலையிலும் இருந்த மாணவர்களிடமே கூடுதலாகத் தெரிந்தது. 2023இல் புரூக் மக்னமாராவும் அலெக்சாண்டர் பர்கோயினும் 63 ஆய்வுகளை அலசி, பல ஆய்வுகள் முறையாக வடிவமைக்கப்படவில்லை, குறைகளைக் கழித்துப் பார்த்தால் பலன் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்றார்கள். அதே ஆண்டு, அதே ஆய்விதழில் ஜெனி பர்னெட் குழுவினர், பலன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, தேவையுள்ள மாணவர்களிடம் தெளிவாக இருக்கிறது என்று வாதிட்டார்கள். இங்கிலாந்தில் 100க்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2019இல் வந்தது: மொழியிலும் கணக்கிலும் கூடுதல் முன்னேற்றம் எதுவும் இல்லை.

மறுபக்கம் டேவிட் யேகர் குழுவினரின் ஆய்வு இருக்கிறது. அமெரிக்கா முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கணினிவழிப் பாடம். 2019இல் 'நேச்சர்' இதழில் வெளியான முடிவின்படி, குறைந்த மதிப்பெண் மாணவர்களின் சராசரி, நான்கு புள்ளி அளவில் 0.1 கூடியது. முன்னணி மாணவர்களின் மதிப்பெண் அப்படி நகரவில்லை. ஏற்கெனவே உச்சத்தில் இருப்பது எங்கே நகரும்? ஆனால் அடுத்த ஆண்டு உயர்நிலைக் கணிதப் பாடத்தை எடுத்தவர்கள் கூடினார்கள். அந்த விளைவு முன்னணி மாணவரிடமும் தெரிந்தது. கடினமானதைத் தேர்ந்தெடுக்கும் துணிவு கூடியது என்று இதைப் படிக்கலாம். நம் கேள்விக்கு இந்தச் சிறு முடிவு மதிப்பெண் கணக்கைவிட முக்கியமானது. அதே குழு 2022இல் இன்னொன்றையும் காட்டியது: ஆசிரியருக்கே அந்த நம்பிக்கை இருந்த வகுப்புகளில்தான் மாணவர் பலன் பெற்றார்கள். மாணவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு வகுப்பு வேறுமாதிரி நடந்தால் சொன்னது நிற்காது.

டுவெக்கும் 2015இல் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருந்தது. முயற்சியைப் புகழ்வது மட்டுமே வளர்ச்சி மனப்பான்மை என்று பலர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், பயன் தராத முயற்சியை மாற்றிப் பார்ப்பதும் உதவி கேட்பதும் அதில் அடக்கம் என்று அவர் எழுதினார். மீத்திறன் மாணவருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் 'எவ்வளவு முயற்சி!' என்று பாராட்டினால், ஆசிரியர் பொய் சொல்கிறார் என்பது அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

திறமையே பொய்யா?

வளர்ச்சி மனப்பான்மை பேசுபவர்கள் சிலர், எல்லோரும் ஒன்றுதான், உழைத்தால் யாரும் எதையும் சாதிக்கலாம் என்று போய்விடுகிறார்கள். அது உண்மையில்லை; அப்படிச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஜூலியன் ஸ்டான்லி 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கணித மீத்திறன் ஆய்வு, பதின்மூன்று வயதில் தெரிந்த திறன் வேறுபாடுகள் பல பத்தாண்டுகளுக்குப் பின் முனைவர் பட்டங்களிலும் காப்புரிமைகளிலும் எதிரொலிப்பதைக் காட்டியிருக்கிறது. ஆளுக்கு ஆள் தொடக்கம் வேறுபடும். அந்தத் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பது வேறு கேள்வி.

ஆஸ்திரேலியாவின் டெரன்ஸ் டாவ் எட்டு வயதில், கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வின் கணிதப் பகுதியில் 800க்கு 760 வாங்கியவர். அவரது பெற்றோரும் பள்ளியும் செய்த நல்ல காரியம், அவருக்குப் பாடத்தை வயதுக்கேற்ப அல்ல, திறனுக்கேற்ப அமைத்தது. தொடக்கப் பள்ளியில் இருந்தபடியே கணக்குக்கு மட்டும் மேல்நிலை வகுப்புக்குப் போனார். சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் 1986இல் வெண்கலம், 1987இல் வெள்ளி, 1988இல் தங்கம்: மூன்று வருடம், மூன்று படி. அப்படிப்பட்டவரும் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டத்துக்கான பொதுத் தேர்வில் சரியாகத் தயாராகாமல் போய் மயிரிழையில்தான் தப்பித்தார். பிறகு படிக்கும் முறையை மாற்றிக்கொண்டார். 2006இல், கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம். கணிதம் செய்ய மேதையாக இருக்க வேண்டியதில்லை என்று அவர் தொடர்ந்து எழுதிவருகிறார்.

ஈரானின் மரியம் மிர்சாகானி நடுநிலைப் பள்ளியில் ஒரு வருடம் கணக்கில் சறுக்கினார். இவளுக்கு அப்படியொன்றும் திறமை இல்லை என்று ஆசிரியர் நினைத்ததால் ஆர்வமே போய்விட்டது. அடுத்த வருடம் வந்த ஆசிரியர் ஊக்கம் தந்தார். 1994, 1995 ஒலிம்பியாடுகளில் தங்கம் வென்ற அவர், 2014இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண்ணானார்.

நம் ராமானுஜனையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நாமகிரித் தாயார் அருள் என்ற அளவில் அவர் கதையை நிறுத்திவிடுவது நம் வழக்கம். அவரே அப்படி நம்பினார் என்பதும் உண்மை. ஆனால் கும்பகோணத்தில் பள்ளி நாட்களில் அவர் கைக்கு வந்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலை மறந்துவிடக் கூடாது. ஏறத்தாழ 5,000 தேற்றங்கள். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கிடையாது. பாடநூல் தராத சவாலை அது தந்தது. நிரூபணங்களை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பல வருடம் சிலேட்டில் போட்டு அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிய உழைப்பு அங்கிருந்துதான் தொடங்கியது. மற்ற பாடங்களில் தேறாமல் கல்லூரி உதவித்தொகையை இழந்த பிறகும் அந்த நோட்டுகள் நிற்கவில்லை.

சொல்லைவிட வேலை முக்கியம்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. முயன்றால் வளரலாம் என்பதைப் பின்தங்கிய மாணவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மீத்திறன் மாணவருக்கோ, முயற்சி தேவைப்படும் வேலையையே முதலில் தர வேண்டியிருக்கிறது. முயலாமலே நூறு வாங்கும் பிள்ளைக்கு முயற்சியின் பெருமையைச் சொற்பொழிவாற்றிப் பயனில்லை. அதன் அனுபவத்தில் அந்தப் பேச்சுக்குச் சாட்சியே கிடையாது.

சதுரங்கம் இதைச் சரியாகச் செய்கிறது. தரப்புள்ளி ஏற ஏற எதிராளியும் பலமானவராக வருகிறார். எவ்வளவு பெரிய திறமைசாலியும் தோற்றே ஆக வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலும் எழுத்தில் இருப்பதால் தோற்ற ஆட்டத்தை உட்கார்ந்து அலசலாம். சென்னையின் குகேஷ், உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் 2024 கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் அலிரெசா ஃபிரோஜாவிடம் தோற்றார். அந்தத் தோல்விதான் தனக்கு வேகம் கொடுத்தது என்று பின்னர் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில், முதல் ஆட்டத்திலேயே அப்போதைய சாம்பியன் டிங் லிரெனிடம் தோற்றுத் தொடங்கிய போட்டியை 7.5–6.5 என்று முடித்து, 18 வயதில் உலக சாம்பியனானார். பள்ளிக்கூடத்தில் இப்படி ஏறிப்போகும் ஏணி இல்லை. அங்கே நூறு வாங்கியதும் கதவு மூடிக்கொள்கிறது.

வகுப்பறையில் அந்த ஏணியை எப்படி வைப்பது? ஏழாம் வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி போடுகிறார்: சதுரங்கப் பலகையில் எத்தனை சதுரங்கள்? முதல் பெஞ்சு உடனே சொல்லும்: 64. ஆசிரியர் தலையாட்டாமல் நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒருவர், 'பெரிய பலகையும் ஒரு சதுரம்தானே சார், 65' என்பார். அங்கிருந்து இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று சதுரங்கள் கிளம்பும்; எண்ணிக்கை குழம்பும். முதல் பெஞ்சு முழிக்கிற நேரம் இதுதான். அப்போது ஆசிரியர் விடையைச் சொல்லிவிடக் கூடாது. 'எட்டை விட்டுடுப்பா. ரெண்டுக்கு ரெண்டு பலகையில எத்தனைன்னு பாரு. அப்புறம் மூணு' என்றால் போதும். 1, 5, 14, 30 என்று வரிசை வரும், வர்க்கங்களின் கூட்டல் தெரியும், 204 கிடைக்கும். வகுப்பில் பாதிப் பேர் அங்கே நிற்கலாம். மேலே போகிறவருக்கு அடுத்த கேள்வி தயார்: செவ்வகங்கள் எத்தனை? விடை 1,296, அதாவது 36இன் வர்க்கம். அது ஏன் 1 முதல் 8 வரையான எண்களின் கனங்களின் கூட்டலுக்குச் சமமாக இருக்கிறது என்பது அதற்கும் அடுத்த கேள்வி. ஒரே கேள்வியில் எல்லோரும் நுழைகிறார்கள். யாரும் கூரையில் முட்டுவதில்லை.

இதன் பிறகு வரும் பாராட்டுக்குத்தான் பொருள் உண்டு. 'நீ ஜீனியஸ்' என்பதைவிட, 'சின்னப் பலகைக்கு மாறினியே, அங்கதான் வழி திறந்தது' என்பது எதைத் திரும்பச் செய்யலாம் என்று பிள்ளைக்குக் காட்டுகிறது. சறுக்கும்போது 'பரவாயில்லை, எல்லாருக்கும் எல்லாம் வராது' என்று ஆறுதல் சொல்வதும் தவறான மருந்து. அனீட்டா ரட்டன் குழுவினரின் 2012 ஆய்வில், இப்படி ஆறுதல் பெற்ற மாணவர்களின் ஊக்கம் குறைந்தது. ஆசிரியர் தங்களிடம் அதிகம் எதிர்பார்க்கவில்லை என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

வீட்டுக்கும் ஒரு பாடம் உண்டு. கைலா ஹைமோவிட்சும் டுவெக்கும் 2016இல் காட்டியது இது: அறிவு பற்றிப் பெற்றோர் என்ன நம்புகிறார்கள் என்பதைவிட, தோல்வி வந்தால் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதிலிருந்தே பிள்ளைகள் தங்கள் மனப்பான்மையை எடுத்துக்கொள்கிறார்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் மாறும் முகத்தைப் பிள்ளை படித்துவிடுகிறது.

நம் பள்ளிகளில்

தமிழ்நாட்டில் 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பது 2017இல் நிறுத்தப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் 'சென்டம்' கணக்கு காட்டும் ஃபிளெக்ஸ் பலகைகள் பல பள்ளி வாசல்களில் இன்னும் நிற்கின்றன. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைத் திருப்பித் திருப்பி எழுதவைக்கும் பயிற்சி, மீத்திறன் மாணவரைப் பிழை செய்யாதவராக ஆக்குகிறது. புதிதாக முயல்பவராக ஆக்குவதில்லை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் தேர்வு, ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று திறனைக் கண்டறியும் தேர்வுகள் நம்மிடம் இருக்கின்றன. அவை தரும் உதவித்தொகை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய துணை. ஆனால் தேர்வானவருக்கு அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் கிடைப்பது அதே பழைய கணக்குதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறன் தேர்வும், ஒலிம்பியாடுக்கான படிநிலைத் தேர்வுகளும் யோசிக்கவைக்கும் கணக்குகளைத் தருகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களிடம் அவை இன்னும் பரவலாகப் போய்ச் சேர வேண்டும். அரசு மாதிரிப் பள்ளிகளில் பல ஊர்களின் முதல் மாணவர்கள் ஒன்றாகக் கூடுகிறார்கள். மார்ஷ் காட்டிய தன்மதிப்புச் சரிவு அங்கே வரும் என்று எதிர்பார்த்து, சேர்ந்த முதல் மாதத்திலேயே அதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும்.

இலங்கையில் பத்து வயதில் எழுதும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி, பிள்ளையின் திறனுக்கே தீர்ப்பு என்பதுபோல் பல வீடுகளில் பார்க்கப்படுகிறது. சிங்கப்பூர் 1984 முதல் தொடக்கநிலை மூன்றிலேயே ஏறத்தாழ ஒரு சதவீத மாணவரைப் பிரித்தெடுத்து மீத்திறன் கல்வித் திட்டத்தை நடத்திவந்தது. இப்போதைய வடிவில் அது நிறுத்தப்படும், ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் திறன்மிக்க மாணவருக்குச் சவாலான பாடம் தரப்படும் என்று 2024 ஆகஸ்டில் அறிவித்தது. பட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, பாடத்தை முன்னுக்குக் கொண்டுவரும் திசை இது. நாமும் பார்க்க வேண்டிய திசை.

ஆசிரியரும் பெற்றோரும் தங்களைக் கேட்டுக்கொள்ளத் தகுந்த கேள்வி ஒன்றே: இந்த மாதத்தில் ஒரு தடவையாவது நம் முதல் மாணவர் விடை தெரியாமல் திணறினாரா, திணறியபின் வேறு வழியில் முயன்றாரா? இல்லையென்றால் மதிப்பெண் பட்டியல் என்ன சொன்னாலும் சரி, இந்த மாதம் அவருக்குப் பாடம் நடக்கவில்லை.